கடல்மட்ட மாடல்: கன்ட்ரோல் ரன் இல்லாமல் டிரெண்ட் எழுதாதீர்கள்

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உட்கார்ந்து கடல்மட்டத்தை ஆராய இன்று தடையில்லை. மாடல் ஓடுவது எங்கோ ஒரு சூப்பர் கம்ப்யூட்டரில். நமக்கு வேண்டியது அதன் கோப்புகள்தான். உலகின் காலநிலை மாடல்கள் தந்த முடிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் சிமிப்6 (CMIP6) தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் மாறி மாறி ஒரே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். மீட்டரையும் சென்டிமீட்டரையும் குழப்புவது, நிலப்பரப்பின் எண்ணைச் சராசரியில் சேர்ப்பது எல்லாம் முதல் படத்திலேயே பல்லைக் காட்டிவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

கன்ட்ரோல் ரன்னை எடுக்காமல் விடுவது

கன்ட்ரோல் ரன் என்பது தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையை மாற்றாமல் வைத்து மாடலை ஓட்டுவது. அதை விட்டுவிட மலையில் உள்ளூர்க் காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் நீலகிரியில் மரம் சாய்ந்தால் கரன்ட்டும் நெட்டும் சேர்ந்தே போகும். டவுன்லோடைக் குறைக்க, 1850 முதல் 2014 வரை உண்மையில் நிகழ்ந்த தூண்டுதல்களைக் கொடுத்து ஓட்டிய ஹிஸ்டாரிக்கல் ரன்னை மட்டும் எடுக்கிறார்கள். "கன்ட்ரோல் ரன்னில் காலநிலையே மாறாதே, அது எதற்கு?" என்று ஒரு கேள்வி வேறு.

அது மாறாது என்பதால்தான் வேண்டும். ஆழ்கடல் சமநிலைக்கு வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் எந்த மாடலையும் ஓடவிட்டுக் காத்திருப்பதில்லை. எனவே வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாமலே ஆழத்தில் வெப்பம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அதுதான் டிரிஃப்ட். 2,000 மீட்டர் தடிமனுள்ள நீர் நூறாண்டில் 0.1 டிகிரி சூடாகிறது என்று வையுங்கள். விரிவுக் கெழு டிகிரிக்குச் சுமார் 0.00015. மூன்றையும் பெருக்கினால் 3 செ.மீ. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் உயர்ந்ததே ஏறத்தாழ 20 செ.மீ.தான். அதன் பக்கத்தில் இந்த 3 செ.மீ. சில்லறை இல்லை.

இதைவிட எரிச்சலூட்டுவது அடுத்த குறுக்குவழி: கன்ட்ரோல் ரன் கையில் இல்லை, ஆகவே ஹிஸ்டாரிக்கல் ரன்னுக்கே ஒரு நேர்கோடு பொருத்தி அதைக் கழித்துவிடுவது. டிரிஃப்டோடு சேர்ந்து உண்மையான உயர்வும் போய்விடும். அதோடும் முடிவதில்லை. உயர்வு வேகமெடுத்துக்கொண்டே போகிற ஒன்று. அதிலிருந்து நேர்கோட்டைக் கழித்தால் இரு முனையும் மேலே, நடு கீழே என ஒரு வளைவு மிஞ்சும். ஆய்வேட்டு வரைவில் அந்த வளைவு "வங்கக் கடலின் நூற்றாண்டு ஊசல்" என்று பெயர் சூட்டிக்கொண்டு வந்து நிற்கும். கழித்தவர் கையால் பிறந்த ஊசல் அது. கேட்டால், கோடு பொருந்திய அழகைக் காட்டுவார்கள்.

செய்ய வேண்டியது இது. ஹிஸ்டாரிக்கல் கோப்பின் தலைப்புத் தகவலில் "பிராஞ்ச் டைம் இன் பேரன்ட்" என்ற எண்ணைப் பாருங்கள். கன்ட்ரோலின் எந்தக் காலத்தில் அந்த ரன் கிளைத்தது என்று சொல்லும். என்செம்பிளில், அதாவது ஒரே மாடலைத் தொடக்கத்தை மட்டும் மாற்றிப் பலமுறை ஓட்டிய தொகுப்பில், ஒவ்வொரு உறுப்பினருக்கும் இது வேறாக இருக்கலாம். அங்கிருந்து 165 ஆண்டுகளைக் கன்ட்ரோலில் வெட்டியெடுங்கள். மாடல் கடலைப் பிரித்திருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக நேர்கோடோ இருபடி வளைவோ பொருத்தி, அதை ஹிஸ்டாரிக்கலிலிருந்து கழியுங்கள். உலகச் சராசரிக்கு மட்டும் செய்து நிறுத்தக்கூடாது. டிரிஃப்ட் இடத்துக்கு இடம் வேறு. முப்பது ஆண்டுத் துண்டில் பொருத்துவதும் ஆகாது. கன்ட்ரோலுக்கே உள்ள இயற்கை ஏற்றஇறக்கம் கோட்டில் ஏறிக்கொள்ளும்.

காற்றுத் தரவு கொடுத்து ஓட்டும் கடல் மாடலில் வேலை சற்று வேறு. ஜேஆர்ஏ55-டூ (JRA55-do) என்ற வளிமண்டலத் தரவின் 1958–2018 காலத்தை ஆறு சுற்று ஓட்டுவது வழக்கம். அடுத்தடுத்த இரு சுற்றுகளில் அதே ஆண்டை ஒப்பிட்டால் வரும் வித்தியாசம்தான் டிரிஃப்ட். 2018 முடிந்து 1958 தொடங்கும் தையலில் ஒரு குலுக்கல் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் சில ஆண்டுகளை நம்பாதீர்கள்.

ஸாஸ் மட்டுமே கடல்மட்டம் என்று நினைப்பது

ஸாஸ் (zos) என்பது ஒவ்வொரு இடத்திலும் கடல்மட்டம் உலகச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் கோப்பு. எனவே அதன் உலகச் சராசரி பூஜ்யமாக இருக்க வேண்டும். சில மாடல்களில் இருக்காது. ஒவ்வொரு மாதத்துக்கும் பரப்பளவு எடையிட்ட சராசரியைக் கழித்துவிட்டு, உலகளாவிய வெப்ப விரிவுக்கான ஸாஸ்டோகா (zostoga) கோப்பைக் கூட்டுங்கள். அதற்கும் டிரிஃப்ட் நீக்கம் உண்டு. பெரும்பாலான மாடல்கள் நிறையை அல்ல, கன அளவையே காப்பவை. அதனால் உலகளாவிய விரிவு அவற்றின் நீர்ப்பரப்பில் தானாகத் தெரியாது. கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனி உருகி வரும் நீரும் இதில் இல்லை.

டைட் கேஜோடு நேரடியாக ஒப்பிடுவது

டைட் கேஜ் என்பது கரையில் கடல்மட்டம் அளக்கும் கருவி. கொச்சி கேஜ் 1939இலிருந்து இருக்கிறது, பொன்னான தரவு. ஆனால் கேஜ் அளப்பது தரையை ஒட்டிய மட்டம். தரை தாழ்ந்தாலும் அதில் கடல் உயர்ந்ததாகவே தெரியும். மாடலில் தரை அசையாது. 18.6 ஆண்டு நிலவுச் சுழற்சியும் கேஜில் உண்டு, ஓதமில்லாத மாடலில் கிடையாது.

காற்றழுத்தம்

காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. தாழும். கேஜில் உண்டு, ஸாஸில் இல்லை.

என்செம்பிள் சராசரியில் ஏற்றஇறக்கத்தைத் தேடுவது

சராசரி எடுக்கும்போது உறுப்பினர்களின் ஏற்றஇறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், அங்கே மிஞ்சாது. ஒவ்வொரு உறுப்பினரிலும் தனியாகக் கணக்கிட்டு, பிறகு சராசரி எடுங்கள்.

அறுபது ஆண்டில் இருபதாண்டுச் சுழற்சி

மூன்றே சுற்று. எதையும் நிரூபிக்காது.

உப்புத்தன்மையை இழுத்துப் பிடிக்கும் ரன்

வங்கக் கடலில் கங்கை, பிரம்மபுத்திரா நன்னீர் உப்பைப் புரட்டிப் போடுகிறது. கடல்மட்டத்தில் அதன் பங்கு பெரிது. மேற்பரப்பு உப்பைப் பழைய சராசரியை நோக்கி இழுக்கும் ரன்களில் இந்த ஆண்டுக்காண்டு மாற்றம் நசுங்கிவிடும். எத்தனை நாள் கால அளவில் இழுக்கிறார்கள் என்று மாடல் விளக்கத்தில் பாருங்கள்.

அருகிலுள்ள கட்டம்

1 டிகிரி கட்டம் நம் பக்கத்தில் சுமார் 110 கி.மீ. பாக் நீரிணை அதில் பாதி நிலமாகிவிடும். ராமேஸ்வரத்துக்கு "அருகில்" என்று புரோகிராம் கொடுக்கும் கட்டம் மன்னார் வளைகுடாப் பக்கமா, வங்கக் கடல் பக்கமா என்று, எது நிலம் எது கடல் எனக் குறிக்கும் நில மாஸ்க்கை வரைந்து கண்ணால் பார்த்த பிறகே அந்த எண்ணை எடுங்கள்.