ரோல் போய் கார்டு வந்த பிறகு: பயணத்தில் முகங்களைப் படமெடுப்பது எப்படி

பிலிம் காலத்தில் ஒரு நீண்ட பயணத்துக்கு நான் எடுத்துப்போனது 20 ரோல். ரோலுக்கு 36 என்றால் 720 படம், அதோடு சரி. இப்போது அந்த 720ஐ ஒரே நாளில் மதியத்துக்கு முன்பே தாண்டிவிடுகிறேன். ராத்திரி அறையில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு பெரியவரின் முகம் மட்டும் 94 முறை இருக்கிறது, ஆனால் அவர் பெயர் எனக்குத் தெரியாது. டிஜிட்டலுக்கு மாறியபோது நான் செய்த பெரிய தப்பு இதுதான்: விட வேண்டிய பழக்கங்களை விடாமல் பிடித்துக்கொண்டேன், விடக்கூடாததை முதல் வாரமே தொலைத்துவிட்டேன். நீங்கள் பிலிமைக் கையால் தொட்டதே இல்லை என்றாலும் பரவாயில்லை, கீழே சொல்வதில் பாதி கேமராவைப் பற்றியதே அல்ல.

முதலில் விட வேண்டியது, பழைய வெளிச்சக் கணக்கு. நெகட்டிவ் பிலிம் கொஞ்சம் அதிக வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும், குறைவாக விட்டால்தான் நிழல் பகுதியில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டு, அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கு என்று கை பழகியிருந்தது. டிஜிட்டலில் இது தலைகீழ். நெற்றியோ மூக்கு நுனியோ ஒருமுறை முழுசாக வெளுத்துப்போனால் அந்த இடத்தில் பதிவானது எதுவும் இல்லை, அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிழலை ஓரளவு பிறகு தூக்கிவிடலாம். நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு பிலிமில் உழைத்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், அதிலும் வெளுத்தால் போச்சு என்பதால் அவர்களுக்கு இது பழைய பாடம்.

ஆகவே கேமராவின் பின்திரையில் படம் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதை நம்பாதீர்கள். வெயிலில் எல்லாம் இருட்டாகத் தெரியும், இருட்டில் எல்லாம் அற்புதமாகத் தெரியும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம் அது: வலது ஓரத்தில் சுவரில் மோதி நிற்கிற மாதிரி இருந்தால் ஏதோ வெளுத்துவிட்டது, மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் குறையுங்கள். வெளுத்த இடம் மினுக் மினுக்கென்று எச்சரிக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு, அதைப் போட்டு வையுங்கள். அப்புறம், ரா கோப்பாக எடுங்கள், அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு. வழக்கமான ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ராவில் 16,384. தோலின் நிறத்தைப் பிறகு சரிசெய்யும்போது அந்த வித்தியாசம் கண்ணில் படும்.

ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனுக்கான எண், அதைப் பற்றிய பயத்தையும் விட்டுவிடலாம். 400க்கு மேல் போனால் புள்ளி புள்ளியாகக் கெட்டுவிடும் என்று பல வருஷம் நடுங்கியிருக்கிறேன். இப்போதுள்ள கேமராக்களில் 3200 சாதாரணம். புள்ளி தெரிகிற முகத்தை யாரும் குறை சொல்வதில்லை, கண் அசைந்து மங்கிப்போன முகத்தைத்தான் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. பிலிமில் ஷட்டர் 1/125 நொடி திறந்தபோது தப்பித்த கை நடுக்கம், 40 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கினால் பல்லைக் காட்டும். முகத்துக்கு 1/250 நொடி வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை ஏற விடுங்கள்.

தூரம் எந்தக் காலத்திலும் மாறவில்லை. முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, நீங்கள் நிற்கும் இடம். ஒன்றரை, இரண்டு மீட்டரில் நின்றால் முகம் நாம் நேரில் பார்க்கிற மாதிரியே இருக்கும். 85 மிமீ லென்ஸ் முகத்துக்கு நல்லது என்று சொல்வதெல்லாம் அந்தத் தூரத்தில் அதில் முகம் படத்தின் எல்லைக்குள் சரியாக நிரம்புவதால்தான். போனின் முக்கிய லென்ஸ் பெரும்பாலும் 24 மிமீக்கு ஒத்தது, அகலமாகப் பார்ப்பது. அதைக் கையெட்டும் தூரத்தில் நீட்டினால் மூக்கு பெருத்து காது பின்னால் ஓடிவிடும். போனில் எடுக்கிறவர்கள் ஜூமை 2 மடங்கோ 3 மடங்கோ வைத்துவிட்டு நாலடி பின்னால் போங்கள். கூடவே அந்த முக அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், ஒருவர் அறுபது வருஷமாகச் சேர்த்த சுருக்கத்தை அது கேட்காமலே துடைத்துவிடுகிறது.

வெளிச்சத்துக்கு நான் முதலில் தேடுவது ஒரு வாசல். வெளியே நல்ல வெயில், உள்ளே இருட்டு, நிலைப்படிக்கு ஓரடி உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரை நேராக வெளியே பார்க்கச் சொல்லாமல் சற்றே பக்கவாட்டில் திரும்பச் சொல்லுங்கள். வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்து மூக்கைத் தாண்டும்போது மெதுவாகக் குறைந்துகொண்டே போகும், கருவிழியின் மேல்பக்கம் வாசலின் வடிவம் ஒரு சின்ன வெள்ளைச் சதுரமாகத் தெரியும். அந்தச் சதுரம் தெரிந்தால் எடுங்கள். தெரியவில்லை என்றால் கண் செத்துப்போனது போல இருக்கும், முகவாயை ஒரு விரல் அளவு உயர்த்தச் சொன்னால் போதும், வந்துவிடும். பின்னால் இருட்டு இருப்பதால் பின்னணியைப் பற்றிய கவலையும் இல்லை.

சரி, இப்போது விடக்கூடாததற்கு வருவோம்.

எண்ணிக்கை. நடுத்தர அளவுக் கேமராவில் '120' என்ற வகை பிலிம் ரோல் ஒன்றைப் போட்டு 6x6 சென்டிமீட்டர் சதுரமாக எடுத்தால் மொத்தமே 12 படம். அந்த எண்ணை இன்றும் நான் விதியாக வைத்திருக்கிறேன்: ஒரு ஆளுக்கு 12, தொடர்ச்சியாகச் சுடும் முறை அணைக்கப்பட்டிருக்கும். கோடாக்கில் ஸ்டீவன் சாசன் 1975ல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவுக்கு ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 நொடி ஆனது. இன்று நொடிக்கு 20 எடுக்கிற கேமரா அதே நேரத்தில் 460 படத்தைக் கொட்டும். அந்த 460ல் நல்ல படம் இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கலாம், ஆனால் அந்த 23 நொடியும் எதிரே இருப்பவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் அனுபவத்தில் முதல் மூன்று நான்கு படங்களில் எல்லோரும் போட்டோவுக்கான முகத்தை வைத்துக்கொள்வார்கள். அப்போது கேமராவை இறக்கிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். ஐந்து, ஆறில் தோள் தளரும். ஏழாவதில் அவர் வந்துவிடுவார்.

இதற்குப் பெரிய எதிரி பின்திரை. எடுத்ததும் படம் தானாகத் தோன்றுவதை அமைப்பில் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் தலை குனிந்து, அவர் கண்ணைவிட்டு உங்கள் கண் போய்விடும். சத்தமில்லாத ஷட்டரும் எனக்கு ஒத்துவரவில்லை. அந்தக் 'க்ளிக்' எதிரே உள்ளவருக்கும் ஒரு பேச்சுதான், எடுத்தாகிவிட்டது, மூச்சு விடலாம் என்று சொல்கிற சத்தம். தவிர சில எல்இடி விளக்குகளின் கீழே சத்தமில்லாத ஷட்டரில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழும்.

பெயர். புகைப்படக்காரர் டோரதியா லாங் 1936ல் அமெரிக்காவில் கூலித் தொழிலாளர் முகாமில் எடுத்த அந்தத் தாயின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. அந்தப் பெண்ணின் பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். 1978ல்தான் பெயர் வெளியே வந்தது. அப்போது அந்த அம்மா சொன்ன குறைகளில் ஒன்று, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார்கள், வரவே இல்லை என்பது. இன்னொரு புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 1984ல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுத்த பச்சைக்கண் சிறுமியும் அப்படித்தான், 2002 வரை அவள் யாரென்று உலகுக்குத் தெரியாது. பெரிய ஆட்களுக்கே இப்படி என்றால் நமக்கென்ன.

நான் செய்வது இது. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. படம் எடுத்ததும் அவரையே பெயரும் முகவரியும் எழுதச் சொல்வேன், அவர் மொழியில், அவர் கையெழுத்தில். எழுதத் தெரியாதவர் என்றால் வீட்டில் உள்ள யாராவது எழுதித் தருவார்கள். உடனே அந்தப் பக்கத்தையும் ஒரு படம். முகத்துக்கு அடுத்த எண்ணில் பெயர் இருப்பதால் இரண்டும் பிரிந்துபோக வழியில்லை. கேட்கும்போதே படம் எங்கே போகும் என்பதையும் சொல்லுங்கள். அன்று ஆல்பத்துக்குள் போனது இன்று உலகம் முழுக்கப் போகிறது, எடுக்கச் சம்மதித்தவர் அதற்கும் சம்மதித்தார் என்று நாமே முடிவுசெய்ய முடியாது. குழந்தைகள் படத்தை வெளியிடும் முன், எங்கே எடுத்தது என்று கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.

பத்திரப்படுத்துவது பற்றிச் சுருக்கமாக. ஒருமுறை பிலிமின் நுனி கேமராவுக்குள் சுற்றும் உருளையில் மாட்டிக்கொள்ளாமல், 36க்குப் பிறகும் எண் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் புரிந்தது, அன்று எடுத்த ஒரு முகமும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை சுற்றும்போதும் இடப்பக்கக் குமிழ் கூடச் சுழல்கிறதா என்று பார்ப்பேன். டிஜிட்டலில் இதற்கு இணையானது கார்டு இல்லாமலே ஷட்டரை அடிக்க விடும் அமைப்பு, அதை முதல் நாளே மாற்றுங்கள். தினம் ராத்திரி இரண்டு பிரதி, ஒன்று முதுகுப்பையில், மற்றது இன்னொரு பையில். களைத்துப்போன கண்ணோடு சின்னத் திரையைப் பார்த்து எதையும் அழிக்காதீர்கள், ஊர் திரும்பிய பிறகு கழிக்கலாம்.

திரும்பியதும் முதல் வேலை பிரிண்ட். போனில் அனுப்பினேனே என்று விட்டுவிடாதீர்கள், போன் மாறும், எண் மாறும். 4x6 அங்குலத்துக்கு அங்குலத்தில் 300 புள்ளி வைத்தால் 1800x1200, இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல்தான், எந்தக் கேமராவும் போதும். பின்னால் பெயரையும் தேதியையும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனாவை அழுத்தினால் தடம் முன்பக்கம் கன்னத்தின் மேல் எழும்பும், மை காயும் முன் அடுக்கினால் கீழே இருக்கும் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து உறையை ஒட்டி, நோட்டில் அவர் எழுதிய முகவரியை அப்படியே நகலெடுத்து மேலே ஒட்டிவிடுங்கள். அந்த மொழி உங்களுக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, நாட்டின் பெயரை மட்டும் நீங்கள் எழுதினால் போதும், அங்கே உள்ள தபால்காரர் படித்துக்கொள்வார்.