ஏர் ரைஃபிளுக்கு எந்த பெல்லட்? முதல் டப்பா வாங்கும் முன் படியுங்கள்

பர்கூரிலிருந்து ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, புதுசா ஏர் ரைஃபிள் வாங்கியிருக்கேன். டார்கெட்டுக்கு எந்த குண்டு, முயலுக்கு எந்த குண்டு?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முயலுக்கு எந்தக் குண்டும் கிடையாது. முயல், கவுதாரி, மயில் எல்லாவற்றுக்கும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவல் நிற்கிறது. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் காட்டோரம் குடியிருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் விளையாட்டு காகிதத்தோடு மட்டும்தான்.

சரி, டார்கெட்டுக்கு வருவோம். 10 மீட்டர் போட்டிக்கு 4.5 மி.மீ. பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு. அந்த அளவுக்குள், 20 ஜூல் ஆற்றலுக்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 50 மீட்டரில் சுடும் பாயின்ட் டூ டூ தோட்டாவுக்கு லைசென்ஸ் கட்டாயம். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

முதலில் முனையைப் பாருங்கள். கடையில் கூர்முனை, உருண்டை முனை, தட்டை முனை என்று வைத்திருப்பார்கள். கூராக இருந்தால் நேராகப் போகும் என்று நம்பி நான் முதலில் கூர்முனைதான் வாங்கினேன். ஒரு மாதம் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். டார்கெட்டுக்குத் தட்டை முனைதான். காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டது போல வட்டமாகத் துளை விழும். புள்ளி எண்ணுவதில் தகராறு வராது. கூர்முனை காகிதத்தைக் கிழித்துவிடும்.

அடுத்து எடை. 0.53 கிராம் அளவில் தொடங்குங்கள். பெல்லட்டின் தலை அளவு என்று 4.49, 4.50, 4.51 மி.மீ. என டப்பாவில் போட்டிருப்பார்கள். இந்த நூலிழை வித்தியாசத்தை ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்ளும். நண்பனின் ரைஃபிளில் அருமையாகப் போவது உங்களுடையதில் சிதறலாம். விலை கூடியது நன்றாகப் போகும் என்பதும் இல்லை. அதனால் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்ப்பதுதான் வழி.

சோதனைக்குக் காலை நேரம் நல்லது, ஆடிக் காற்றில் வேண்டாம். டார்கெட்டுக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்குங்கள். நம் ஊரில் எங்கு திரும்பினாலும் கல் சுவர்தான். கருங்கல்லில் பட்ட பெல்லட் திரும்பி வரும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுடவே கூடாது. பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கும் இடமும் ஆகாது.

ஒரு சின்னப் பையில் கேழ்வரகு நிரப்பி மேஜைமேல் வையுங்கள். ரைஃபிளுக்கு இதமான தாங்கல் அதுதான். ஸ்பிரிங் ரைஃபிளாக இருந்தால் பைக்கும் ரைஃபிளின் கட்டைக்கும் நடுவே உள்ளங்கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்காமல் சுடுங்கள்.

வகை மாற்றும்போதெல்லாம் முதல் ஐந்தாறு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழல் அதற்குப் பழக வேண்டும். அப்புறம் ஒரு காகிதத்தில் ஐந்து குண்டுகள், இப்படி மூன்று காகிதங்கள். துளைகள் நடுவில் விழவில்லையே என்று கவலைப்படாதீர்கள், அதைக் குறிபார்க்கும் சைட்டில் திருத்திக்கொள்ளலாம். ஒன்றோடொன்று எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கேள்வி. ஒன்றுக்கொன்று அதிகத் தூரத்தில் உள்ள இரண்டு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, 4.5 மி.மீ. கழியுங்கள். சிறிய எண் வந்த வகைதான் உங்களுடையது. போட்டி டார்கெட்டில் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர் பொட்டுதான் என்பதால் இந்த அளவு வேலை வீண் இல்லை.

பெல்லட்டின் பின்புறம் பாவாடை மாதிரி விரிந்து மெல்லிசாக இருக்கும். காற்று அதை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கும். அது நசுங்கியிருந்தால் குண்டு தடம் மாறும். ஆகவே டப்பாவைப் பையில் குலுங்கவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துப் போடுங்கள்.

இன்னொன்று: வசதிக்காகச் சிலர் பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். அது ஈயம், உடம்புக்கு நஞ்சு. சுட்டு முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே மாம்பழத்தைத் தொடுங்கள்.

வகை முடிவானதும் டப்பாவில் உள்ள தயாரிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் இன்னும் மூன்று நான்கு டப்பாக்கள் வாங்கி வையுங்கள். அடுத்த தயாரிப்பு கொஞ்சம் மாறியிருக்கலாம்.