ஸ்பெயின் கிராமங்களுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினுக்கு முதல்முறை போகிறவர்கள் பார்சிலோனா, மாட்ரிட், செவியா என்று நகரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அதற்கப்புறம் சிலருக்கு உள்நாட்டின் மீது ஆசை வரும். காஸ்தியா சமவெளியில் சோரியா, பலென்சியா, செகோவியா மாகாணங்களிலும், வடக்கே மலையோரத்திலும் சின்னச் சின்ன ஊர்களில் 900 ஆண்டு பழமையான, கல்லால் கட்டிய கிறிஸ்தவக் கோயில்கள் நிற்கின்றன. அங்கே போய்விட்டு, "எல்லாம் பூட்டிக் கிடந்தது, ஊரில் ஆளே இல்லை, சாப்பாடும் கிடைக்கவில்லை" என்று வருத்தத்தோடு திரும்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். நகரத்து நேரக் கணக்கை அப்படியே கிராமத்துக்குள் கொண்டுபோகிறார்கள். அந்த ஊர்கள் பயணிகளுக்காகத் திறந்து வைக்கப்பட்டவை அல்ல. மனிதர்கள் வாழும் ஊர்கள். கதவும் கடையும் அடுப்பும் அவர்களுடைய நாளைப் பார்த்துத்தான் திறக்கும்.

முதல் தவறு, பூட்டிய தேவாலயத்தைப் பார்த்ததும் காரைத் திருப்புவது. சோரியா மாகாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, மக்கள்தொகையோ சுமார் 90,000. சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர்கூட இல்லை. ஒரே பாதிரியார் பல ஊர்களுக்குப் பொறுப்பாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஓர் ஊரில் பூசை முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுவார். இந்த நிலையில் கோயிலை நாள் முழுக்கத் திறந்துவைக்க யார் இருக்கிறார்கள்? ஆனால் சாவி ஊரில்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ, காபியும் மதுவும் கிடைக்கும் ஊர் பாரிலோ, ஊராட்சி அலுவலகத்திலோ இருக்கும்.

ஆகவே கதவருகே போய் நிதானமாகப் பாருங்கள். தொலைபேசி எண்ணோடு ஒரு தாள் ஒட்டியிருக்கலாம். இல்லாவிட்டால் ஊர் பாருக்குள் போய், ஒரு காபி சொல்லிவிட்டு, "கியென் தியேனெ லா யாவெ தெ லா இக்லேசியா?" என்று கேளுங்கள். தேவாலயச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பொருள். உச்சரிப்பு தப்பினாலும் பரவாயில்லை. உள்ளே நுழைந்ததும் "புவேனொஸ் தியாஸ்" என்று எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வணக்கம் சொல்லாமல் நேராகக் காரியத்துக்கு வருவதை அங்கே மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் ஐந்து வரை யாரையும் கூப்பிடாதீர்கள். அது சாப்பாட்டு நேரம், ஓய்வு நேரம். காலை பதினொன்று நல்ல நேரம். மாலை ஐந்தரை, ஆறும் நல்லது. சாவியோடு வருகிறவர் தன் வேலையைப் போட்டுவிட்டு வருகிறார் என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நாலு படம் எடுத்துவிட்டுக் கிளம்பினால் அவர் மனம் சுருங்கிவிடும். அவர் ஏதாவது காட்ட ஆசைப்படுவார். எந்தத் தூணில் எந்தச் சிற்பம், எந்த ஆண்டு கூரை இடிந்தது என்று சொல்லிக்கொண்டே வருவார். மொழி புரியாவிட்டாலும் கூடவே நடங்கள். போகும்போது உண்டியலில் ஓரிரு யூரோ போடுங்கள். கூரை ஓடு மாற்றவும் மின்கட்டணத்துக்கும் அந்தப் பணம்தான் உதவும்.

சில இடங்களில் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சிற்றூர்க் கோயில்களில் திருட்டு நிறைய நடந்திருக்கிறது. 1979இல் அரகோன் பகுதியின் ரோதா தெ இசாபெனா என்ற சிற்றூரின் பழைய பேராலயத்தில், 'பெல்ஜியக்கார எரிக்' என்று பெயர் பெற்ற திருடனின் கும்பல் புகுந்தது. அங்கே நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்ட புனித ராமோனின் மரநாற்காலி துண்டுதுண்டாக வெட்டப்பட்டு விலைக்குப் போனது. சில துண்டுகள்தான் திரும்பி வந்தன. இப்படிப் பறிகொடுத்த பகுதிகளில் சாவி வைத்திருப்பவர் கவனமாக இருப்பது நியாயம்தானே.

திங்கட்கிழமையில் கோயில் பார்க்கத் திட்டம் போடுவதும் வழக்கமான தவறு. முறையான நேரம் வைத்துத் திறக்கும் பழங்காலக் கட்டடங்களில் பல திங்களன்று மூடியிருக்கும், சில செவ்வாயும் சேர்த்து. கோடையில் தாராளமாகத் திறந்திருக்கும் ஒன்று, நவம்பரிலிருந்து வார இறுதியில் மட்டும் திறக்கலாம். பயண நாளுக்கு முன்பே மாகாணத் தலைநகரின் சுற்றுலா அலுவலகத்தில் அந்தப் பருவத்தின் நேர அட்டவணையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமையை நடைக்கோ பயணத்துக்கோ வைத்துக்கொள்ளலாம்.

கதவு திறக்கக் காத்திருக்கும் நேரத்தை வீணாக்காதீர்கள். ரோமனெஸ்க் என்ற இடைக்காலக் கட்டடப் பாணிக் கோயில்களில் பாதிச் செல்வம் வெளிப்புறத்தில்தான் இருக்கிறது. பலென்சியா மாகாணத்தின் ஃப்ரோமிஸ்தாவில் உள்ள சான் மார்த்தின் கோயிலைச் சுற்றிக் கூரை விளிம்புக்குக் கீழே 300க்கும் மேற்பட்ட கல் தாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மனித முகம், விலங்கு, இசைக்கலைஞன், விநோத உருவங்கள் என்று ஒவ்வொன்றும் வேறு. கீழே நின்று சும்மா அண்ணாந்து பார்த்தால் கல்லாகத்தான் தெரியும். சின்ன இருகண் தொலைநோக்கி ஒன்று இருந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இந்தப் பயணத்துக்கு விலை உயர்ந்த கேமராவைவிட அதுதான் உதவும் என்பது என் கருத்து.

சோரியா, செகோவியா பக்கம் போனால் கோயிலின் தெற்குச் சுவரையொட்டி வளைவுகள் வரிசையாக நிற்கும் திண்ணை மண்டபத்தைப் பார்ப்பீர்கள். சான் எஸ்தெபான் தெ கோர்மாஸ் ஊரின் சான் மிகேல் கோயிலில் இருப்பது இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று. வெயில் தாழ்வாரத்தில் விழும், குளிர்காற்று படாது. ஊர்க்கூட்டங்களும் அங்கே நடந்திருக்கின்றன. பலர் இதை வெறும் முகப்பு என்று கடந்து உள்ளே போய்விடுகிறார்கள். தூண்களின் தலைப்பகுதிச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எனக்கு மிக வருத்தம் தரும் தவறு இனி சொல்லப்போவதுதான். ஒரு கோயிலில் இருந்தது இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாமலே போவது. கத்தலோனியா மலைப்பகுதியின் போயி பள்ளத்தாக்கில் தாவுல் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள இரண்டு கோயில்களும் 1123 டிசம்பரில் அடுத்தடுத்த நாட்களில் அருச்சிக்கப்பட்டவை. சான் கிளிமென்ட் கோயிலின் பலிபீடத்துக்கு மேலிருந்த கிறிஸ்து ஓவியம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் அசல் பார்சிலோனாவில், கத்தலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் போய்விடுவார்களோ என்ற பயத்தில், பள்ளத்தாக்கின் ஓவியங்களை 1919க்குப் பிறகு சுவரிலிருந்து உரித்துக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். கோயிலில் இப்போது அந்த ஓவியத்தை ஒளியால் சுவரில் வரைந்து காட்டுகிறார்கள். முதலில் அருங்காட்சியகம், அப்புறம் பள்ளத்தாக்கு என்று வரிசைப்படுத்திக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

எல்லா ஊருக்கும் அந்தக் காப்பு கிடைக்கவில்லை. சோரியாவின் பெர்லாங்கா அருகே சான் பவுதேலியோ என்ற சிறு கோயில். வெளியே பார்த்தால் வெறும் கல்பெட்டி. உள்ளே நடுவில் ஒரே தூண் எழுந்து, ஈச்சமரம் ஓலை விரிப்பதுபோல எட்டுத் திசையிலும் கூரையைத் தாங்குகிறது. சுவரெங்கும் ஒட்டகம், யானை, வேட்டைக்காரன் என்று ஓவியங்கள் இருந்தன. 1920களில் அவற்றில் பெரும்பகுதி விற்கப்பட்டு அமெரிக்கா போய்விட்டது. இப்போது சுவரில் தெரிவது, உரித்தெடுத்த பிறகு தங்கிவிட்ட சாயல்தான். பிற்பாடு அவற்றுள் ஆறு மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. அதற்கு மாற்றாக, செகோவியா மாகாணத்தின் ஃபுவெந்திதுவேன்யா ஊர்க் கோயிலின் அரைவட்டப் பின்சுவர் முழுதும் கல்கல்லாகப் பிரிக்கப்பட்டு நியூயார்க் போனது. "உள்ளே ஒன்றுமில்லை" என்று நண்பர்களிடம் சொல்வதற்கு முன் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மங்கிய சாயல்களின் முன் நிற்கும்போது மனம் கனக்கும்.

கோயிலுக்குள் நடந்துகொள்ளும் விதம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். ஒன்று மட்டும்: சில்லறை நாணயங்கள் கையில் வையுங்கள். பல இடங்களில் நாணயம் போட்டால்தான் பலிபீடத்து விளக்கு சில நிமிடம் எரியும்.

அடுத்து ஊர்ச் சதுக்கம். பிளாசா மயோர் என்பார்கள். பயணிகள் அங்கே போய்ச் சேரும் நேரம் பெரும்பாலும் பிற்பகல் மூன்றரை. ஆகஸ்ட் வெயிலில் கல்தரை கொதிக்கும், ஜன்னல் பலகைகள் சாத்தியிருக்கும், ஒரு நாய்கூட நடமாடாது. "செத்த ஊர்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதே சதுக்கத்துக்கு இரவு எட்டரைக்கு வாருங்கள். குழந்தைகள் பந்து விளையாடுவார்கள், பாட்டிமார் நாற்காலி போட்டுப் பேசுவார்கள், பாரின் மேசைகள் நிரம்பியிருக்கும். ஞாயிறன்று நண்பகல் பூசை முடிந்ததும் எல்லோரும் வெர்முத் என்ற மூலிகை மது குடிக்க வெளியே வரும் அந்த ஒரு மணி நேரமும் அழகானது. சதுக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஊரில் ஓர் இரவு தங்குவதுதான் வழி.

மாட்ரிட்டுக்கு அருகிலுள்ள சின்ச்சோன், செகோவியாவின் பெத்ராசா போன்ற ஊர்களில் நிலைமை தலைகீழ். சின்ச்சோனின் சதுக்கத்தைச் சுற்றிப் பச்சை மரப் பால்கனிகள் வட்டமாக நிற்கின்றன. விழாக் காலத்தில் அதுவே காளைச்சண்டைக் களமாகும். வார இறுதியில் மாட்ரிட்காரர்கள் ஆட்டுக்குட்டி வறுவல் சாப்பிட வந்து குவிவார்கள். மேசை முன்பதிவு இல்லாமல் ஞாயிறு மதியம் போனால் பட்டினிதான். அங்கெல்லாம் வாரநாளில் போங்கள். காரை ஊர் வாயிலிலேயே நிறுத்துங்கள். வழிகாட்டும் செயலியை நம்பி உள்ளே போனால், காரின் பக்கக் கண்ணாடிகள் இரண்டு சுவரிலும் உரசும் சந்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சாப்பாட்டு விஷயம் நம்மவர்களுக்கு இன்னும் முக்கியம். மதிய உணவு இரண்டிலிருந்து நான்குக்குள். இரவு உணவு ஒன்பதுக்கு முன் கிடைப்பது கடினம். சைவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், பூண்டுச் சூப்பில் ஹாம் என்ற பன்றித்தொடை இறைச்சித் துண்டு வரும், காய்கறி சாலட்டில் சூரை மீன் வரும். இறைச்சி, ஹாம், மீன் மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு ஆம்லெட், சீஸ், ரொட்டி எங்கும் கிடைக்கும். ஞாயிறன்று கடைகள் இருக்காது. சனிக்கிழமையே பழமும் ரொட்டியும் வாங்கி வையுங்கள். ரொக்கமும் கொஞ்சம் வேண்டும், ஏடிஎம் இல்லாத ஊர்கள் ஏராளம்.

இனி வயல்வெளியும் மலையும். பேருந்தை நம்பித் திட்டமிடுபவர்கள் அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை. பள்ளி நாளில் மட்டும், சந்தை நாளில் மட்டும் ஓடும் பேருந்துகள் உண்டு. முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவைத்தால்தான் வரும் வண்டிகளும் உண்டு. கார் எடுப்பதாக இருந்தால் நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை ஊரிலேயே ஆர்டிஓவில் வாங்கிக்கொண்டு போங்கள். தானியங்கி கியர் வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும், அங்கே கையால் கியர் மாற்றும் வண்டிகளே சுலபமாகக் கிடைக்கும்.

ஸ்பெயின் என்றால் வெயில் என்று மெல்லிய உடைகளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். சோரியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மே மாத இரவிலும் கம்பளிச் சட்டை தேவைப்படும். நிலம் பச்சையாக இருப்பதும் மே, ஜூன் தொடக்கத்தில்தான். ஆகஸ்டில் அறுவடை முடிந்த கட்டைப்பயிர்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கோடையில் வெளியே தீ மூட்டவே கூடாது. காட்டுத்தீயால் அந்த மண் பட்ட பாடு கொஞ்சமல்ல.

நடக்க நினைப்பவர்களுக்கு நல்ல செய்தி, பழைய மந்தைப் பாதைகள். ஆடுகளைக் கோடையில் வடக்கேயும் குளிரில் தெற்கேயும் ஓட்டிப்போன வழிகள் அவை. பெரிய பாதைகளின் அகலம் 75 மீட்டர் வரை. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை பொதுச் சொத்து, யாரும் நடக்கலாம். வேலிக்கதவு மூடியிருந்தால் திறந்து போய்விட்டுத் திரும்ப மூடுங்கள். திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். மந்தையைக் கண்டால் தூரமாகச் சுற்றிப் போங்கள். ஆட்டோடு ஆடாகப் படுத்திருக்கும் மாஸ்தின் நாய் ஓநாயை எதிர்க்க வளர்த்தது. ஓடாமல், குச்சியை ஓங்காமல், மெல்ல விலகினால் அது குரைப்பதோடு விட்டுவிடும். இலையுதிர், குளிர்கால வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். பாதையோரம் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அன்று அந்தக் காட்டுக்குள் நுழையவே கூடாது.

பொழுது சாயும் நேரத்தில் கிராமச் சாலையில் வேகம் வேண்டாம். மானும் காட்டுப்பன்றியும் குறுக்கே பாயும் நேரம் அது, விளக்குக் கம்பமும் இருக்காது. பெட்ரோலைப் பெரிய ஊரிலேயே நிரப்பிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் போய்ச் சேருங்கள். எப்படியும் சமையலறை ஒன்பதுக்குத்தான் திறக்கும்.