உபுண்டுவில் ஜப்பானிய மொழி: சேலம் எப்படி 'சேரமு' ஆனது

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் அக்கா மகள் ஜப்பானிய மொழி படிக்கிறாள். அவளுடைய உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) மடிக்கணினியில் ஜப்பானியத் தட்டச்சு வசதி செய்து கொடுத்தேன். ஜப்பானியத் தட்டச்சுக்கான 'ஐபஸ்-மோஸ்க்' (ibus-mozc) தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும். அப்புறம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் 'ஜாப்பனீஸ் மோஸ்க்' சேர்த்தால் சரி. சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஸ்பேஸும் சேர்ந்து மொழியை மாற்றும்.

மாற்றியும் ஆங்கிலமே வருகிறதா? நானும் அரை மணி நேரம் முழித்தேன். மேலே உள்ள மோஸ்க் மெனுவில் 'ஹிரகானா'வை (ஜப்பானிய ஒலியெழுத்து) தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கில எழுத்துகளில் ஒலியை அடித்து ஸ்பேஸ் தட்டினால் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) வரும், என்டர் தட்டினால் உறுதியாகும். வெளிநாட்டு ஊர்ப்பெயருக்குக் கட்டகானா (அயல்மொழிச் சொற்களுக்கான எழுத்து) வேண்டும், அதற்கு எஃப்7. ஜப்பானியத்தில் 'ல' இல்லை, எனவே சேலத்துக்கு 'செ', ஒரு சிறுகோடு, 'ரமு' என அடித்தாள். சிறுகோடுதான் நெடில்!