எக்ஸ்ரே அறைக்கு ஏஐ வரும்போது: டெல்டா மருத்துவமனைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களில் இன்று நடுத்தர அளவிலான ஒரு ஸ்கேன் சென்டருக்குக்கூட, எக்ஸ்ரேயையும் சி.டி.யையும் படித்துக் குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை விற்க யாராவது ஒருவர் வந்துவிடுகிறார். வாங்குவதில் சிரமமில்லை. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: யாரும் திறக்காத ஒரு நிரலாக அது கணினியின் மூலையில் கிடக்கும், அல்லது அது சொன்னதெல்லாம் ஒரு சொல் மாறாமல் ரிப்போர்ட்டில் ஏறிக்கொண்டிருக்கும். முதலாவதை மட்டும்தான் நிர்வாகங்கள் தோல்வியாகக் கருதுகின்றன. இப்பகுதி மருத்துவமனைகள் சிலவற்றில் இத்தகைய மென்பொருள் நிறுவப்பட்டபோது உடனிருந்தவன் என்ற முறையில், இரண்டுமே தோல்விதான் என்றும், இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் மென்பொருளன்று, அது அறைக்குள் கொண்டுவரப்பட்ட முறைதான் என்றும் கருதுகிறேன்.

எல்லாத் தவறுகளுக்கும் முந்தைய தவறு, சந்தேகப்படும் மருத்துவரைப் பழமைவாதி என்றோ, வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவர் என்றோ முடிவுகட்டுவதாகும். அந்த அச்சம் அடியோடு இல்லை என்று சொல்லவில்லை. செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2016இல், ஐந்து ஆண்டுகளில், மிஞ்சினால் பத்து ஆண்டுகளில், இயந்திரம் கதிரியக்க மருத்துவர்களை விஞ்சிவிடும் என்றும், புதியவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றும் பேசியதைக் கேட்ட எந்த ரேடியாலஜிஸ்ட்டுக்கும் மனம் நெருடத்தான் செய்யும். ஆனால், மூத்த ரேடியாலஜிஸ்ட்டுகளின் தயக்கத்துக்கு அதைவிட வலுவான ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் மேமோகிராமில் சந்தேகத்துக்குரிய இடங்களைக் குறித்துக் காட்டும் கணினி முறைக்கு அமெரிக்கா 1998இலேயே அனுமதி வழங்கியது. அரசுக் காப்பீடு அதற்குத் தனிக் கட்டணமும் கொடுத்ததால் நாடெங்கும் பரவியது. அதன் பிறகு 2007இல் வெளியான பெரிய ஆய்வொன்று, அந்த முறையைப் பயன்படுத்திய இடங்களில் பயாப்சிகள் (திசுவை எடுத்துச் செய்யும் சோதனைகள்) ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியதையும், மொத்தத்தில் துல்லியம் குறைந்ததையும் காட்டியது. 2015இல் வந்த மற்றொரு ஆய்வும் அதனால் பயன் எதையும் காணவில்லை. இன்றைய மென்பொருள் அதைவிடப் பன்மடங்கு மேம்பட்டது என்பது உண்மையே. இருந்தாலும், ஒருமுறை சூடு கண்ட துறை கேள்வி கேட்பதை அறியாமை என்று சொல்வது நியாயமாகாது. எனவே, மறுப்பவர்களை முதல் நாளே கூட்டி, "எந்த இடத்தில் இது தவறும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் நிர்வாகத்துக்குச் சோதனைத் திட்டத்தில் பாதி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது, விற்பனையாளர் காட்டும் துல்லியத்தைத் தம் மருத்துவமனையின் துல்லியமாக எடுத்துக்கொள்வது. ஒரு மருத்துவமனையின் படங்களில் பழகிய மென்பொருள் இன்னொன்றின் படங்களில் அதே தரத்தில் வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை. மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டறிய அமெரிக்காவில் பயிற்றுவிக்கப்பட்ட ஒரு முறையை 2018இல் ஆராய்ந்தவர்கள், அது படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதையே மிகச் சரியாக அடையாளம் கண்டுகொள்வதையும், நிமோனியா நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனை எது என்ற அந்தத் துப்பையும் தன் விடைக்குப் பயன்படுத்திக்கொள்ளக்கூடியதாக இருப்பதையும் கண்டார்கள். பரீட்சைத் தாளைப் படிக்காமல் கண்காணிப்பாளரின் முகத்தைப் படித்து மதிப்பெண் வாங்கும் மாணவனைப் போன்றது இது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று டாக்காவில் சுமார் 24,000 பேரின் படங்களைக் கொண்டு செய்யப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு. காசநோயைக் கண்டறியும் ஐந்து வணிக மென்பொருள்களும் அங்கே மனித ரேடியாலஜிஸ்ட்டுகளைவிட நன்றாகவே செயல்பட்டன. ஆனால், முதியவர்களிடமும், முன்பே காசநோய் வந்து குணமானவர்களிடமும் அவற்றின் திறன் குறைந்தது. திருத்துறைப்பூண்டியிலோ வேதாரண்யத்திலோ ஒரு முகாம் நடத்தினால் வரிசையில் வந்து நிற்பவர்களில் பலர் இந்த இரண்டு வகையினர்தாம்: அறுபது தாண்டியவர்களும், எப்போதோ ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, நுரையீரலில் அந்தத் தழும்பை இன்னும் சுமப்பவர்களும்.

ஆகவே, வாங்குவதற்கு முன் தம்மிடமுள்ள பழைய படங்களில் இருநூறையாவது, சளிப் பரிசோதனையால் முடிவு உறுதியானவையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு அந்த மென்பொருளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இருநூறு படங்கள் எதையும் இறுதியாக நிரூபித்துவிடா. ஆனால், எந்த மாதிரிப் படத்தில் அது தடுமாறுகிறது என்பதை அந்த அறையில் வேலை செய்பவர்களே கண்ணால் கண்டுவிடுவார்கள்; நம்பிக்கையோ அவநம்பிக்கையோ, அது அவர்களுடையதாக இருக்கும்.

கட்-ஆஃப் மதிப்பெண்ணை யார் முடிவு செய்வது என்பது இதோடு சேர்ந்த கேள்வி. பொறியியல் கலந்தாய்வுக்குப் பிள்ளைகளை அனுப்பிய தமிழ்நாட்டுப் பெற்றோருக்குக் கட்-ஆஃப் என்றால் விளக்கம் தேவையில்லை. மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பெண் தருகிறது. எந்த எண்ணுக்கு மேலிருந்தால் "சந்தேகம்" என்று கொள்வது என்பதை மனிதர்கள் வகுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் காசநோயைச் சல்லடை போட்டுத் தேட, மார்பு எக்ஸ்ரேயை மனிதருக்குப் பதிலாக மென்பொருளே படிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இத்தகைய முதற்கட்டச் சோதனைகளுக்கு அது வைத்திருக்கும் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு, நோயுள்ள 100 பேரில் 90 பேரையாவது பிடிக்க வேண்டும், நோயில்லாத 100 பேரில் 70 பேரையாவது விட்டுவிட வேண்டும் என்பதாகும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது 1,000 பேர் வரும் ஒரு முகாமில் 10 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். அந்தப் பத்தில் 9 பேரை மென்பொருள் பிடிக்கும். மீதி 990 பேரில் 297 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, அழைக்கப்படும் 306 பேரில் உண்மை நோயாளிகள் 9 பேர்தாம்.

இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், ஒரு வாரத்துக்குள் மருத்துவர் "இது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை பொய் சொல்கிறது" என்று ஒதுக்கிவிடுவார், அவர் பார்வையில் அது சரியும்கூட. அதே கணக்கை முதல் நாளே விளக்கி, இந்த இயந்திரம் நோயை அறிவிப்பதில்லை, யாருடைய சளியை, காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ட்ரூநாட் கருவிக்கு அனுப்புவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது, 1,000 பரிசோதனைகளை 306ஆகக் குறைக்கிறது என்று சொன்னால், அவரே அதைப் பயனுள்ளதாக ஏற்கக்கூடும். அதற்காக 297 பேரின் அலைச்சல் ஒன்றுமில்லை என்றாகிவிடாது. நடவோ அறுப்போ நடக்கும் வாரத்தில் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால் விவசாயத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போகிறது; இரண்டாம் முறை கூப்பிட்டால் அவர் வரப்போவதில்லை. கட்-ஆஃபை உயர்த்தினால் அலைச்சல் குறையும், தப்பிப்போகும் நோயாளிகள் கூடுவார்கள். எது தாங்கக்கூடியது என்பதை மருத்துவரும், காசநோய்ப் பிரிவினரும், நிர்வாகமும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். பெட்டியில் வந்த எண்ணை அப்படியே வைத்துக்கொள்வது, அந்த முடிவை நம் ஊரைப் பார்த்திராத ஒருவரிடம் ஒப்படைப்பதாகும்.

பேச்சுவார்த்தை மேசையில் ரேடியாலஜிஸ்ட் இருப்பார், நிர்வாகி இருப்பார், விற்பனையாளர் இருப்பார். படம் எடுக்கும் ரேடியோகிராபருக்கு மட்டும் நாற்காலி இருக்காது. இது சிறிய விடுபடல் அன்று. கழற்ற மனமில்லாத தாலிக்கொடியைப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொல்பவரும், ரவிக்கையில் மறந்துபோன ஊக்கைக் கவனிப்பவரும், மூச்சை இழுத்துப் பிடிக்க முடியாத முதியவருக்காக இரண்டாம் முறை காத்திருப்பவரும் அவர்தாம். மென்பொருளுக்குப் போய்ச் சேரும் படத்தின் தரம் முழுவதும் அவர் கையில் இருக்கிறது. சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டறியும் கூகுளின் மென்பொருள் தாய்லாந்துக் கிளினிக்குகளில் பயன்படுத்தப்பட்ட விதத்தைப் பற்றி 2020இல் வெளியான கள ஆய்வு இதற்கு நல்ல பாடம். தரம் போதாது என்று ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட படங்களை அது மறுத்தது. வெளிச்சம் மறைக்கப்படாத அறைகளில் எடுக்கப்பட்டவை பல. சில படங்களைத் தாங்களே படித்துவிட முடியும் என்று தெரிந்தும், நோயாளியை வேறு நாள் வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது என்பதே அங்கிருந்த செவிலியர்களின் குறை. ஆய்வகத்தில் அந்த மென்பொருள் நல்ல துல்லியத்தையே காட்டியிருந்தது. இந்த நிலை நம்மூரில் வராமல் இருக்க, படம் மறுக்கப்பட்டால் அடுத்து என்ன செய்வது, எத்தனை முறை மறுபடி எடுக்கலாம், எப்போது மென்பொருளை விட்டுவிட்டு நேரே மருத்துவருக்கு அனுப்பலாம் என்பவற்றை ரேடியோகிராபரோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி எடுக்கும் ஒவ்வொரு எக்ஸ்ரேயும் நோயாளிக்குக் கூடுதல் கதிர்வீச்சு என்பதால் அந்த எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும்.

இனி எதிர்ப்பக்கத்துத் தவறு, அதாவது அளவுக்கு மீறிய ஏற்பு. இதுதான் அதிக ஆபத்தானது, ஏனென்றால் வெளிப்பார்வைக்கு இது வெற்றியாகத் தெரியும். மேமோகிராம் படிக்கும் 27 ரேடியாலஜிஸ்ட்டுகளைக் கொண்டு ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான சோதனையில், ஏஐ சொன்னதாகக் காட்டிய விடைகளில் சில வேண்டுமென்றே தவறாக வைக்கப்பட்டன. விடை சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் சுமார் 80 விழுக்காடு படங்களைச் சரியாக வகைப்படுத்தினார்கள். அது தவறியபோது அந்த அளவு சுமார் 20ஆகச் சரிந்தது. நீண்ட அனுபவமுள்ளவர்களிடமும் 82லிருந்து ஏறத்தாழ 45ஆகக் குறைந்தது. "எங்கள் டாக்டருக்கு முப்பது வருஷ அனுபவம், அவரை மெஷின் ஏமாற்றாது" என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

டெல்டாவில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்த பின்னரும், கதிரியக்க வல்லுநர்கள் பெரும்பாலும் தலைமடையில்தான் இருக்கிறார்கள். கடைமடை ஊர்களில் எடுக்கும் படங்கள் இணையத்தின் வழியே தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய், குவியலாகச் சேர்ந்து, இரவில் படிக்கப்படுகின்றன. களைத்த கண்ணுக்கு முன்னால் சிவப்பு வட்டம் போட்ட படம் வந்து நின்றால், வட்டத்துக்கு வெளியே பார்க்கத் தோன்றாது. அவசரமில்லாத படங்களிலாவது மருத்துவர் முதலில் தாமே பார்த்துக் கருத்தைப் பதிந்த பிறகு மென்பொருளின் விடை திறக்கும்படி அமைப்பது எளிய பாதுகாப்பு. தலையில் அடிபட்டு வந்தவரின் சி.டி.யில் இரத்தக்கசிவு இருக்கலாம் என்று வரிசையில் முன்னே தள்ளிவிடுவது வேறு வகை வேலை. அங்கே மென்பொருள் முந்துவதால் நிமிடங்கள் மிச்சமாகும், ஆனால் பின்னே தள்ளப்பட்ட படமும் அதே இரவில் படிக்கப்பட்டாக வேண்டும். எந்த வேலைக்கு எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் நடந்த மேமோகிராம் ஆய்வின் 2023ஆம் ஆண்டு முடிவுகளில் படிக்கும் சுமை 44 விழுக்காடு குறைந்தது, கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் குறையவில்லை. அங்கே எந்தப் படத்தை ஒருவர் படித்தால் போதும், எதை இருவர் படிக்க வேண்டும் என்று பிரிப்பதற்கு மென்பொருளைப் பயன்படுத்தினார்கள்.

இதனால்தான், மருத்துவர்கள் எத்தனை முறை மென்பொருளோடு ஒத்துப்போனார்கள் என்பதை ஏற்பின் அளவுகோலாக வைக்கக் கூடாது என்கிறேன். ஒரு மாதத்தில் ஒருமுறைகூட மாறுபடாத மருத்துவர் மென்பொருளை ஏற்றுக்கொண்டவர் அல்லர், படம் பார்ப்பதை நிறுத்திவிட்டவர். மாறுபட்ட படங்களை ஒரு பதிவேட்டில் குறித்து, பின்னர் யார் சரி என்று தெரியவரும்போது அதையும் எழுதிவைத்தால், மாதம் ஒருமுறை தேநீரோடு அரை மணி நேரம் பேச அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

பொறுப்பை எழுதாமல் விடுவதும் தயக்கத்தை வளர்க்கும். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. மென்பொருள் காட்டிய புள்ளியை மருத்துவர் ஒதுக்கி, அது பின்னால் கட்டியாகத் தெரிந்தால் பதிவு அவருக்கு எதிராக நிற்கும். அது தவறாகச் சொன்னதை அவர் ஏற்றாலும் கையெழுத்து அவருடையதே. இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளமாக அவரை நிறுத்திவிட்டு உற்சாகமாக ஏற்றுக்கொள்ளச் சொல்வது பொருந்தாது. ஒதுக்கியதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுத இடம் தருவதும், காரணம் எழுதி மாறுபட்டவருக்கு நிர்வாகம் துணை நிற்கும் என்று எழுத்தில் உறுதியளிப்பதும் குறைந்தபட்சத் தேவைகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஏஐ நெறிமுறைகளிலும் பொறுப்பு யாருடையது என்பதும், நோயாளிக்குத் தெரிவித்து ஒப்புதல் பெறுவதும் முக்கிய இடம் பெறுகின்றன. படத்தைக் கைப்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் நம் பழக்கத்தையும் இதே மூச்சில் நிறுத்த வேண்டும்: பெயரும் வயதும் படத்தோடு போய்விடுகின்றன, நுண்ணிய சாயல்களும் தொலைந்துவிடுகின்றன.

ஒப்பந்தத்தில் பலரும் பார்க்கத் தவறும் ஒரு வரி மென்பொருளின் புதுப்பிப்பைப் பற்றியது. புதிய பதிப்பு வரும்போது பழைய கட்-ஆஃப் அதே பொருளைத் தராமல் போகலாம். நேற்று 60க்கு மேல் சந்தேகம் என்று பழகியவருக்கு இன்றைய 60 வேறொன்றாக இருக்கக்கூடும். அறிவிக்காமல் புதுப்பிக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, முதலில் சோதித்த அந்த இருநூறு படங்களைத் தனியே பத்திரப்படுத்தி வைத்திருந்தால், புதிய பதிப்பு வந்த அன்று மாலையே அவற்றை மறுபடி ஓட்டிப் பார்த்துவிடலாம்.