பழைய டட்சன் 240இசட் விற்கிறீர்களா? பெயிண்டரிடம் போகாதீர்கள்

அமெரிக்காவில் எழுபதுகளின் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரான டட்சன் 240இசட் வைத்திருப்பவர்களில் பலர், விற்க முடிவெடுத்ததும் முதலில் யோசிப்பது புது பெயிண்ட்தான். வேண்டாம். பளபளப்பைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவருக்கு "உள்ளே எவ்வளவு துருவோ" என்றுதான் தோன்றும். கம்பெனி பெயிண்ட் மங்கியிருந்தாலும் அதற்கே மதிப்பு அதிகம்.

இந்தக் காருக்கு எமன் துருதான். அதனால் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் படமெடுங்கள். பேட்டரி வைக்கும் தட்டு, தரைத் தகடு, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மூலை எல்லாம் கிட்டத்தில் தெரிய வேண்டும். ஓட்டை இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள். வாங்குபவர் எப்படியும் காந்தம் வைத்துப் பார்ப்பார், பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

இன்ஜின் அறையில் உள்ள தகட்டின் இன்ஜின் எண்ணும் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருந்தால், அது காரோடு வந்த இன்ஜின்தான் என்று காட்ட இரண்டையும் படத்தில் போடுங்கள். அப்புறம், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் வீடியோ ஒன்று.

2020 ஜனவரியில் 1971 மாடல் ஒன்று ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது உண்மைதான். அது அபூர்வம். அதை நினைத்து ரிசர்வ் விலை (ஏலத்தில் இதற்குக் கீழே தர மாட்டேன் என்ற விலை) வைத்தால் கார் உங்கள் ஷெட்டிலேயே நிற்கும்.

1973 மாடலில் கார்புரேட்டரைக் கழற்றி, முந்தைய மாடல்களில் இருந்த வகையை மாட்டியவர்கள் நிறைய. கழற்றியது பரணில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், காரோடு சேர்த்தே கொடுங்கள்.