தூக்குவிளக்குச் சங்கிலியைத் துலக்க ஒரு சுழல் உருளை: வீட்டிலேயே செய்யும் விதம்

குளச்சல் பக்கம் எங்கள் வீடு. கடல் கூப்பிடு தூரம்தான். உப்புக்காற்றுக்கும் பித்தளைக்கும் ஆகவே ஆகாது. கார்த்திகைக்குப் புளி போட்டுத் துலக்கி மாட்டிய தூக்குவிளக்கு தைப்பொங்கலுக்குள் கறுத்துவிடும். விளக்கைக்கூடத் துலக்கிவிடலாம், அதன் சங்கிலிதான் பெரும்பாடு. ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் எண்ணெய்ப் பிசுக்கு, புகை, பச்சைக் களிம்பு எல்லாம் சேர்ந்து இறுகிக் கிடக்கும். பழைய பல் பிரஷ்ஷோடு உட்கார்ந்தால் ஒரு முழம் துலக்குவதற்குள் விரல் மரத்துப்போகும். போன வருடம் அம்மை சங்கிலியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டுவிட்டு, "மெஷின் மெஷின்னு பேசுவல்லா, இதுக்கு ஒண்ணு செய் பாப்போம்" என்றாள்.

அப்படிச் செய்ததுதான் இந்த உருளை. வெளிநாடுகளில் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காரர்கள், சுட்டுமுடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைக் கழுவுவதற்கு இப்படி ஒரு கருவி வைத்திருப்பார்கள். தண்ணீர், கொஞ்சம் சோப்பு, ஒரு சிட்டிகை அமிலம், நிறைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பித் துண்டுகள். எல்லாவற்றையும் ஒரு உருளையில் அடைத்து மெதுவாகச் சுற்றவிட்டால், விரல் நுழையாத சந்திலெல்லாம் கம்பித் துண்டு நுழைந்து சுரண்டிவிடும். நமக்குத் தோட்டா வேலை இல்லை. ஆனால் சங்கிலி, மணி, கீல், திருகாணி, பழைய கதவின் குமிழ் என்று அதே மாதிரிச் சந்துபொந்து உள்ள பித்தளை நம் வீடுகளில் ஏராளம்.

என்னென்ன வேண்டும்

160 மி.மீ. பி.வி.சி. பைப் ஒரு துண்டு, 30 செ.மீ. நீளம். ஒரு முனைக்கு ஒட்டி அடைக்கும் மூடி, மறுமுனைக்குத் திருகித் திறக்கும் மூடி. 160-இல் திருகு மூடி கிடைக்காவிட்டால், 110-க்குக் குறைக்கும் இணைப்பை ஒட்டி அதில் 110 மி.மீ. திருகு மூடி போடலாம். கை நுழைந்தால் போதும். பைப் ஒட்டும் சால்வென்ட் சிமென்ட் ஒரு சிறிய டப்பா.

மோட்டாருக்குக் கடைக்குப் போகவேண்டாம், பழைய இரும்புச் சாமான் விற்கும் ஆக்கர் கடைக்குப் போங்கள். பழைய கார் வைப்பர் மோட்டார் ஒன்று, அதன் முனையில் இருக்கும் சிறிய இரும்புக் கையைக் கழற்றாமல். அந்தக் கை முக்கியம், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். கூடவே வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, 10 ஆம்பியர் அளவில். கடை போர்டுகளுக்கு எல்.இ.டி. விளக்கு எரிய வைப்பார்களே, அதுதான். திசை மாறாத நைலான் சக்கரம் நான்கு, 50 மி.மீ. அளவில். அடிப்பலகைக்கும் மோட்டார் நிற்கும் பலகைக்கும் எங்கள் ஊரில் ரப்பர் மரத்துக்குப் பஞ்சமில்லை. உங்களிடம் எது இருக்கிறதோ அது.

வைப்பர் மோட்டார்தான் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இரண்டு காரணம். வாஷிங் மெஷின் மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்று சுற்றும். அதைக் குறைக்க புல்லி, பெல்ட் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். வைப்பர் மோட்டாருக்குள் பல்சக்கரம் இருப்பதால் தானாகவே நிமிடத்துக்கு 45, 65 என்கிற கணக்கில்தான் சுற்றுகிறது. இரண்டாவது, தண்ணீர் புழங்கும் இடத்தில் 12 வோல்ட் ஆளைக் கொல்லாது, 230 வோல்ட் கொல்லும்.

வேகக் கணக்கு

இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். உருளை வேகமாகச் சுற்றினால் நன்றாகத் துலங்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் ஒரு வேகத்துக்கு மேல் போனால் உள்ளே இருப்பதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும். ஒன்றோடொன்று உரசவே உரசாது. அந்த வேகத்தைக் கணக்கிட, 42.3-ஐ உருளையின் உள்விட்டத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நம் பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 0.15 மீட்டர். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 109 சுற்று வருகிறது. அதில் பாதியை ஒட்டி, 50-லிருந்து 60-க்குள் சுற்றினால் சரக்கு மேலே ஏறிச் சரிந்து விழும். அந்தச் சரிவில்தான் துலக்கம் நடக்கிறது.

உருளை

பைப்பின் ஒரு முனையில் ஒட்டு மூடியைப் பொருத்துங்கள். ஒட்டும் பரப்பு இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்த பிறகே சிமென்ட் தடவ வேண்டும். அடுத்து, அதே பைப்பில் வெட்டிய இரண்டு விரல் அகலத் துண்டுகள் மூன்றை உள்சுவரில் நீளவாக்கில், சம இடைவெளியில் விளிம்பு நிற்க ஒட்டுங்கள். இவை இல்லாவிட்டால் வழுவழுப்பான சுவரில் சரக்கு வழுக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கும். பிறகு மறுமுனையின் திருகு வாயை ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். எனக்குப் பொறுமையில்லை. மூன்று மணி நேரத்தில் தண்ணீர் ஊற்றினேன், சிட்அவுட் முழுக்கக் குளம்.

திருகு மூடிக்கு டெஃப்லான் டேப்பை நம்பாதீர்கள். அது சின்னப் பைப்புக்குச் சரி. பழைய டயர் டியூபில் வட்டம் வெட்டி மூடிக்குள் வாஷராகப் போட்டால் ஒரு சொட்டு வராது.

இனி, ஒட்டு மூடியின் வெளிப்பக்கத்தில் வட்டமாக வெட்டிய ஒரு மரப்பலகையை அரால்டைட் பசை போட்டு ஒட்டுங்கள். ஓட்டை போடுவதெல்லாம் அந்த மரத்தில்தான், மூடியில் போட்டால் ஒழுகும். மையத்திலிருந்து வைப்பர் கையின் நீளத்துக்குச் சற்று உள்ளே, ஒரு தடித்த போல்ட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்படி இறுக்குங்கள்.

தொட்டில்

அடிப்பலகையில் நான்கு சக்கரங்களையும் பக்கத்துக்கு இரண்டாகத் திருகுங்கள். உருளை அவற்றின் மேல் படுத்திருக்கும். இரு முனை மூடிகளும் பைப்பைவிடக் கொஞ்சம் பருமன் அல்லவா? சக்கரங்கள் அந்தப் பருமனுக்குச் சற்று உள்ளே அமையும்படி வைத்தால், உருளை முன்னும் பின்னும் நகராமல் மூடிகளே தடுத்துக்கொள்ளும். தனியாகத் தடுப்பு வைக்கும் வேலை மிச்சம்.

மோட்டாரை நிற்கும் பலகையில், அதன் தண்டு உருளையின் மையத்துக்கு நேராக வருமாறு பொருத்துங்கள். இப்போது அந்த இரும்புக் கை சுற்றும்போது மரப்பலகையிலுள்ள போல்ட்டைத் தள்ளும், உருளை சுற்றும். செக்குமாடு நுகத்தடியைத் தள்ளுகிற மாதிரிதான். மோட்டாரும் உருளையும் ஒன்றோடொன்று இறுக்கப்படாததால் மையம் அரை விரற்கடை தவறினாலும் கெட்டுப்போகாது. வேலை முடிந்ததும் உருளையை அப்படியே தூக்கிவிடலாம்.

ஒயர் விஷயத்தில் ஒரே குழப்பம் வரும். மோட்டாரிலிருந்து நான்கைந்து ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும். மெதுவேகம், மிகுவேகம், பொது என்று மூன்றுதான் நமக்கு வேண்டியவை. மற்றவை வைப்பரைக் கண்ணாடியின் அடியில் கொண்டு நிறுத்துவதற்கானவை. சில மோட்டாரில் உடம்பே நெகட்டிவாக இருக்கும். தெரியாவிட்டால் கார் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் இரண்டு நிமிடம் காட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.-ஸைத் தரையில் வைக்காமல் சுவரில் உயரமாக மாட்டுங்கள். அதன் பிளக் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தே ஆகவேண்டும்.

உருளையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 50 வந்தால் மெதுவேகமே போதும்.

உள்ளே போடுவது

கம்பித் துண்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவேண்டும். ஏறத்தாழ 1.2 மி.மீ. தடிமன், 6.5 மி.மீ. நீளம் என்ற அளவில் ஆன்லைனில் கிடைக்கிறது. வடசேரி மாதிரி நகை வேலை நடக்கிற ஊர்களில் பட்டறைச் சாமான் விற்கும் கடையிலும் கேட்டுப் பாருங்கள். இரண்டு கிலோ வாங்கினால் வருடக்கணக்கில் வரும், அது தேய்வதே இல்லை.

நான் முதலில் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று சைக்கிள் பால்ஸைப் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் சங்கிலி ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. அம்மை பார்த்துவிட்டு, "செம்புச் சங்கிலியாக்கிட்டியா?" என்றாள். விஷயம் இதுதான். அமிலத் தண்ணீரில் பித்தளையிலிருந்து கொஞ்சம் செம்பு கரைகிறது. சாதா இரும்பு உள்ளே இருந்தால் கரைந்த செம்பு திரும்பவும் பித்தளை மேலேயே படிந்துவிடும். ஆகவே இரும்பு ஆணி, பால்ஸ், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் எதுவும் உள்ளே போகக்கூடாது.

இன்னொரு யோசனை பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது: "மணவாளக்குறிச்சிக் கருமணல் ரெண்டு கை போடேன், கூரா இருக்கும்லா." கூர்தான், சந்தேகமில்லை. அதில் கார்னெட் இருக்கிறது, உப்புத்தாள் செய்கிற கல். பித்தளையைத் துலக்காது, கீறிவிடும். போதாததற்கு அந்த மணலில் கதிர்வீச்சு உமிழும் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமமும் கலந்திருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து சுற்றவிட எனக்குத் தைரியம் இல்லை.

சரி, அளவு: கம்பி இரண்டு கிலோ, பித்தளை ஒரு கிலோவுக்கு மேற்படாமல், தண்ணீர் மூன்று லிட்டர். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு டீஸ்பூன். சிட்ரிக் அமிலம் அரை டீஸ்பூன், பலசரக்குக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செய்கிற அதே வேலைதான் இதுவும். ஆனால் புளியைப் போட்டால் நார் கம்பிகளோடு பின்னிக்கொள்ளும். 'இன்னும் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் துலங்குமே' என்று கை நீளும், அடக்குங்கள். அமிலம் கூடினால் பித்தளையிலிருந்து துத்தநாகம் முதலில் கழன்று, செம்பு மட்டும் மேலே நின்று நிறம் கெடும்.

அம்மோனியா கலந்த பாலிஷோ கிளீனரோ வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் ஓர் ஆய்வு விளக்கியது. வளைத்து இறுக்கிய பித்தளைக்கு அம்மோனியா எமன். சங்கிலி வளையம் அத்தனையும் வளைத்து இறுக்கியதுதானே.

ஓட்டும் முறை

எண்ணெய்ப் பிசுக்கை முதலில் எடுத்துவிட வேண்டும். சலவைச் சோடா போட்ட வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் கழன்றுவிடும். பிறகு இரண்டு மூன்று தடவை அலசுங்கள். சோடா மிச்சமிருந்து சிட்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பும். மூடிய உருளைக்குள் அது கிளம்பினால் மூடி தெறிக்கும்.

நீளச் சங்கிலியை அப்படியே போட்டால் ஜடாமுடியாகிவிடும். சாண் நீளத்துக்கு மடித்துப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிப் போடுங்கள். மூடி, சுற்றவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து நிறுத்தி மூடியை ஒருமுறை தளர்த்திக் காற்றை விடுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம். காது கொடுத்துக் கேளுங்கள்: அரிசி களைகிற மாதிரி சரசரவென்று சத்தம் வந்தால் சரி. சத்தமே இல்லையென்றால் வேகம் கூடுதல், தடதடவென்றால் தண்ணீர் குறைவு. மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

திறந்தால் தண்ணீர் கரியாக இருக்கும். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடும், எங்கள் சங்கிலிக்குத் தண்ணீர் மாற்றி இன்னொரு மணி நேரம் ஆனது. அந்தக் கரித் தண்ணீரில் செம்பு இருக்கிறது, பழைய பித்தளை என்றால் ஈயமும் இருக்கலாம். கிணற்றடியில், குளத்தில், வாழை மூட்டில் ஊற்றாதீர்கள். மீனுக்குச் செம்பு நஞ்சு. கைக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், கம்பித் துண்டுகளை வடித்தெடுக்கச் சமையல் வடிதட்டை எடுக்காதீர்கள்.

கடைசி அலசலுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் உதவாது. உப்பு. காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும். குடிதண்ணீரில் அலசி உடனே துடைத்து வெயிலில் போடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, வெயில் பார்த்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பளபளப்பு நிற்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுவது வழக்கம். ஆனால் அதிலுள்ள கொழுப்பு அமிலமே பின்னால் பச்சையாகக் களிம்பு ஏற வழி செய்கிறது. தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும்.

கல் பதித்த நகை, முலாம் பூசியது, பழைய காசு, எழுத்து வெட்டிய பழஞ்சாமான் ஆகியவற்றை இதில் போடாதீர்கள். காசின் பழைய நிறம் போனால் அதன் மதிப்பும் போய்விடும். விளக்குத் தலையில் நிற்கும் அன்னத்தையும் நான் கையால்தான் துலக்குகிறேன். அதன் கண்ணும் அலகும் தேய்ந்துவிடும் என்று அம்மைக்குப் பயம், எனக்கும்தான்.

சங்கிலியை மாட்டுமுன் ஒவ்வொரு வளையத்தையும் ஒரு வெள்ளைத்துணி மேல் உதறிப் பாருங்கள். நான் உதறியதில் பதினொரு கம்பித் துண்டு விழுந்தது. பன்னிரண்டாவது, விளக்கேற்றிய பிறகு எண்ணெயில் விழுந்தது.